பத்தாவது விவசாயி எங்கே போனார்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பாசனம் பற்றிய ஆய்வுக்காக 150 விவசாயிகளிடம் "உங்கள் நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பொருந்துபவை எல்லாவற்றையும் குறிக்கவும்" என்று கேட்டிருக்கிறீர்கள். கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஏரி, வாய்க்கால், பண்ணைக்குட்டை என ஐந்து விடைகள். கோப்பிலும் ஐந்து பத்திகள். டிக் போட்டிருந்தால் 1, போடாவிட்டால் காலி. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் நிகழ்வெண் அட்டவணை (எந்த விடை எத்தனை முறை வந்தது என்ற அட்டவணை) கேட்டால் ஐந்து துண்டு அட்டவணைகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் 1 என்று ஒரே வரி, அதற்கு நேராக விடுபட்டவை நீக்கிய சதவீதம் என்று 100. தரவை எந்த வடிவத்துக்கு மாற்றினால், எந்தக் கட்டளையைக் கொடுத்தால், ஐந்தும் ஒரே அட்டவணையாக வரும் என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், "சதவீதங்களின் கூட்டு 100 வரவேண்டும் என்கிறார் நெறியாளர்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. கட்டளை ஐந்து நிமிட வேலை. எதை 100 என்று வைத்துக்கொள்வது என்பதுதான் ஆய்வேட்டின் அந்தப் பக்கம் நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கும்.

கல்லூரிப் புள்ளியியல் துறையில் ஆய்வு மாணவர்களின் தரவுகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். என் கை நன்றாகப் பழகியது ஆர், எஸ்.பி.எஸ்.எஸ். ஆகிய இரண்டு புள்ளியியல் மென்பொருள்களும். ஸ்டாட்டா என்ற மற்றொன்றில் பிறர் கோப்புகளைத் திருத்திய அளவுக்குத்தான் பழக்கம். அதைக் கணக்கில் வைத்துப் படியுங்கள். கட்டளைகளின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், வாய்விட்டு ஒலித்தால் எதுவென்று தெரிந்துவிடும். கோப்பில் குறுக்கே ஓடுவதை வரிசை என்றும், மேலிருந்து கீழே இறங்குவதைப் பத்தி என்றும் சொல்கிறேன்.

எந்தக் கோப்பைத் திறந்தாலும் நான் முதலில் கேட்பது, இதில் ஒரு வரிசை என்பது எது என்றுதான். உங்கள் கோப்பில் ஒரு வரிசை என்பது ஒரு விவசாயி. நீங்கள் ஆசைப்படும் அட்டவணையில் ஒரு வரிசை என்பது ஒரு நீராதாரம். நடுவே ஒரு படிக்கட்டு இருக்கிறது. அங்கே ஒரு வரிசை என்பது ஒரு விவசாயியும் ஒரு நீராதாரமும் சேர்ந்த இணை. உங்களுடையது போலப் பக்கவாட்டில் விரிந்த கோப்பை அகல வடிவம் என்றும், இணைக்கு ஒரு வரிசை என்று கீழ்நோக்கி நீண்டதை நீள வடிவம் என்றும் சொல்வார்கள். பத்து விவசாயிகள், ஐந்து பத்திகள் என்றால் நீள வடிவத்தில் ஐம்பது வரிசைகள். உங்கள் 150 பேருக்கு 750 வரிசைகள். அந்த எண்ணிக்கை வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. வராவிட்டால் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள்.

பத்துப் பேரை வைத்துக் கையாலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், யாருடைய ஆய்வும் அல்ல. கிணற்றுக்கு 4 டிக், ஆழ்துளைக் கிணற்றுக்கு 6, ஏரிக்கு 3, வாய்க்காலுக்கு 2, பண்ணைக்குட்டைக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 15 டிக். ஒன்பது பேர் ஒன்றோ அதற்கு மேலோ குறித்திருக்கிறார்கள். பத்தாவது விவசாயி எதையுமே குறிக்கவில்லை. அவருடையது மானாவாரி நிலம். இப்போது கோப்பை நீள வடிவமாக்கி, 1 உள்ள வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுங்கள். பல வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கின்றன. மிஞ்சுவது 15 வரிசைகள். எண்ணினால் அழகான அட்டவணை வரும்: 4, 6, 3, 2. ஆனால் பத்தாவது விவசாயி கோப்பில் இல்லை. பண்ணைக்குட்டையும் இல்லை. பிழைச் செய்தியோ எச்சரிக்கையோ எதுவும் வராது.

இனி சதவீதம். ஆழ்துளைக் கிணற்றின் 6 டிக்கை 15 டிக்கால் வகுத்தால் 40 சதவீதம். ஏதாவது ஒன்றைக் குறித்த ஒன்பது பேரால் வகுத்தால் 66.7. கேட்கப்பட்ட பத்துப் பேரால் வகுத்தால் 60. மூன்று எண்களும் கணக்காகச் சரி, மூன்றும் சொல்லும் செய்தி வேறு. முதல் எண் டிக்குகளைப் பற்றிப் பேசுகிறது. விவசாயிகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது, பாசன வசதி உள்ள விவசாயிகளைப் பற்றியது. மூன்றாவது எல்லா விவசாயிகளையும் பற்றியது. கூட்டு 100 வருவது முதல் முறையில் மட்டும்தான். மூன்றாவது முறையில் 40, 60, 30, 20 என்று கூட்டினால் 150 வரும், இரண்டாவதில் ஏறக்குறைய 167. அது பிழையல்ல. ஒருவர் இரண்டு மூன்று இடங்களில் குறிக்கலாம் என்று நாமே அனுமதி கொடுத்துவிட்டு, கூட்டு 100-ஐத் தாண்டக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

என் பழக்கம் மூன்றாவதைப் போடுவது. அட்டவணையின் கடைசியில் "எதுவுமில்லை (மானாவாரி) 1, 10 சதவீதம்" என்று ஒரு வரியும் சேர்த்துவிடுவேன். டிக்குகளால் வகுத்த சதவீதத்தை நான் கிட்டத்தட்டப் போடுவதே இல்லை. "ஆழ்துளைக் கிணறு 40 சதவீதம்" என்று அச்சில் பார்த்தால் நூற்றுக்கு நாற்பது விவசாயிகள் ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கிறார்கள் என்றுதான் எவரும் படிப்பார்கள். இன்னும் மோசமாக, பாசன நீரில் 40 சதவீதம் அதிலிருந்து வருகிறது என்று படிப்பவர்களும் உண்டு. எத்தனை விவசாயிகள் என்று கேட்ட கேள்வியிலிருந்து எவ்வளவு தண்ணீர் என்பதை எப்படியும் பெற முடியாது.

இங்கே ஓர் இரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தேவைக்குத் தரவை மாற்றியமைக்கவே வேண்டாம். காலிக் கட்டங்களில் 0 போட்டுவிட்டு ஒவ்வொரு பத்தியின் கூட்டுத்தொகையை எடுங்கள்; அதுவே நிகழ்வெண். சராசரியை எடுங்கள், 0, 1 மட்டும் உள்ள பத்தியின் சராசரி என்பது விகிதம்தான், நூறால் பெருக்கினால் சதவீதம். வட்டாரவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் வட்டாரவாரியான சராசரி. பத்தாவது விவசாயி தொலைந்துபோக வழியே இல்லை, ஏனென்றால் ஒரு வரிசை ஒரு விவசாயி என்ற நிலை கடைசிவரை மாறவில்லை. எக்செல்லிலேயே முடியும். வடிவத்தை மாற்றுவது நவீனமாகத் தெரிகிறது என்பதற்காக அதைச் செய்யாதீர்கள். படம் வரையவோ, அடுத்தடுத்த கேள்விகளை ஒரே அச்சில் வார்க்கவோ நீள வடிவம் வசதி, அப்போது செய்யுங்கள்.

ஆனால் காலியில் 0 போடுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானது, இது ஐயத்துக்குரியது. காலி என்றால் "இல்லை" என்று பொருளா, "கேட்கவில்லை" என்று பொருளா? மூன்று பத்திகளில் 1 இருந்து இரண்டு காலியாக இருந்தால், அந்த இரண்டும் "இல்லை" என்று கொள்வதில் பெரிய ஆபத்தில்லை. ஐந்துமே காலியாக உள்ள வரிசைதான் சிக்கல். அவர் மானாவாரி விவசாயியாக இருக்கலாம். களப்பணியாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருக்கலாம். வெயிலில் பாதியில் எழுந்து போய்விட்ட விவசாயியாகவும் இருக்கலாம். இதை எந்த மென்பொருளும் சொல்லாது, நானும் இங்கிருந்து சொல்ல முடியாது. அந்த வரிசைகளின் எண்களைக் குறித்துக்கொண்டு காகிதப் படிவங்களை எடுத்துப் பாருங்கள். அடுத்த கேள்விக்குப் பதில் இருந்தால் பெரும்பாலும் அது உண்மையான "எதுவுமில்லை". அடுத்த கேள்விகளும் காலி என்றால் விடுபட்டது என்று வையுங்கள். கேள்வித்தாளில் "இவற்றில் எதுவுமில்லை" என்று ஆறாவது கட்டம் வைத்திருந்தால் இந்தத் துப்பறியும் வேலை மிச்சமாகியிருக்கும்.

மென்பொருள்களுக்கு வருவோம். காலியை என்ன செய்கிறது என்பதில் ஒவ்வொன்றும் ஒரு சுபாவம். ஆரில் டைடிஆர் தொகுப்பின் பிவட் லாங்கர் கட்டளை, நாமாகத் தள்ளச் சொல்லாதவரை, காலி வரிசைகளை வைத்துக்கொள்கிறது. பைத்தானில் பாண்டாஸ் தொகுப்பின் மெல்ட்டும் அப்படியே. ஸ்டாட்டாவின் ரீஷேப் லாங்கும் அப்படியே. அதற்கு விவசாயி எண் ஒவ்வொரு வரிசையிலும் தனித்ததாக இருக்க வேண்டும், ஒரே எண் இரண்டு முறை வந்திருந்தால் வேலையை மறுத்துவிடும். அந்த மறுப்பை நான் ஒரு நல்ல குணமாகவே பார்க்கிறேன். எஸ்.பி.எஸ்.எஸ்.ஸின் வார்ஸ்டுகேசஸ் கட்டளை நேர்மாறு: புதிதாக உருவாகும் வரிசையில் மதிப்பு காலியாக இருந்தால் அதை இயல்பாகவே தள்ளிவிடும், வைத்திருக்கச் சொல்லி நாம்தான் தனியாகக் கேட்க வேண்டும். எக்செல்லின் பவர் குவெரியில் உள்ள அன்பிவட்டும் காலிக் கட்டங்களை விழுங்கிவிடுகிறது. உங்கள் கோப்பில் இல்லாதவற்றுக்கு 0 போடாமல் காலியாக விட்டிருப்பதால், இந்தக் கடைசி இரண்டில் 750 வரிசைகளுக்குப் பதிலாக டிக் எண்ணிக்கை அளவுக்குத்தான் வரும். முதலில் 0 நிரப்பிவிட்டு மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

எஸ்.பி.எஸ்.எஸ்.ஸிலேயே இருக்க விரும்பினால், வடிவத்தை மாற்றாமல் செய்ய மல்டிபிள் ரெஸ்பான்ஸ் என்ற வசதி இருக்கிறது. ஐந்து பத்திகளையும் ஒரு தொகுப்பாக அறிவித்து, எண்ண வேண்டிய மதிப்பு 1 என்று சொன்னால் ஒரே அட்டவணை வரும். அதில் இரண்டு சதவீதப் பத்திகள் இருக்கும்: ஒன்று விடைகளால் வகுத்தது, மற்றொன்று ஆட்களால் வகுத்தது. ஆனால் அந்த "ஆட்கள்" என்பது ஒன்றையாவது குறித்தவர்கள் மட்டுமே. ஒன்றும் குறிக்காதவரை அது விடுபட்டவர் கணக்கில் சேர்த்துவிடும். அதாவது நம் பத்துப் பேர்க் கணக்கில் 66.7 வருமே தவிர 60 வராது. "எதுவுமில்லை" என்று ஆறாவது பத்தியை நீங்களே உருவாக்கித் தொகுப்பில் சேர்த்தால் 60 வந்துவிடும். இன்னொன்று, மல்டிபிள் ரெஸ்பான்ஸ் வசதியில் அறிவித்த தொகுப்பு கோப்போடு சேமிக்கப்படுவதில்லை. நாளை திறந்தால் இருக்காது. கட்டளையை எழுத்தாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அடுத்த கோப்பில் இது வரும். சில கோப்புகள் ஏற்கெனவே எண்ணி முடித்தவையாக இருக்கும். ஆர் மென்பொருளோடு வரும் டைட்டானிக் தரவு இதற்கு நல்ல சாட்சி. 1912-இல் மூழ்கிய கப்பலில் இருந்த 2201 பேரை வகுப்பு, பால், வயது, பிழைத்தாரா என நான்கு வகையில் பிரித்த அட்டவணை அது. அதைச் சாதாரணக் கோப்பாக மாற்றினால் 32 வரிசைகள் வரும். கடைசிப் பத்தியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. இங்கே ஒரு வரிசை என்பது ஓர் ஆள் அல்ல, ஒரு வகைச் சேர்க்கை. அதை மறந்துவிட்டு வகுப்பை ஒரு பக்கமும் பிழைத்ததை மறுபக்கமும் வைத்துக் குறுக்கு அட்டவணை போட்டால் ஒவ்வொரு வகுப்பிலும் 4 பேர் பிழைத்தார்கள், 4 பேர் இறந்தார்கள், எல்லா வகுப்பிலும் சரிபாதி என்று வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஓர் அட்டவணையை நானே ஒரு வகுப்பறையில் திரையில் போட்டுவிட்டு, வகுப்பு வேறுபாடு இல்லை என்று விளக்கத் தொடங்கியிருக்கிறேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி "ஐயா, கப்பலில் மொத்தமே 32 பேர்தானா?" என்று கேட்டார். அன்றிலிருந்து மொத்தத்தைப் பார்க்காமல் எந்த அட்டவணையையும் நம்புவதில்லை.

இப்படிப்பட்ட கோப்பில் எண்ணிக்கைப் பத்தியை எடையாகச் சொல்ல வேண்டும், அதாவது ஒவ்வொரு வரிசையையும் அத்தனை முறை எண்ணச் சொல்ல வேண்டும். ஆரில் எக்ஸ்டாப்ஸ் கட்டளையின் இடப்பக்கத்தில் அந்தப் பத்தியின் பெயர், எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் வெயிட் பை, ஸ்டாட்டாவில் எஃப்வெயிட், சாஸ் மென்பொருளில் ப்ராக் ஃப்ரீக் கட்டளைக்குள் வெயிட். ஆளுக்கு ஒரு வரிசையாகவே விரித்துக்கொள்ள வேண்டுமென்றால் ஆரில் அன்கவுண்ட், ஸ்டாட்டாவில் எண்ணிக்கை 0 உள்ள வரிசைகளை நீக்கிவிட்டு எக்ஸ்பாண்ட். சரியாகச் செய்தால் முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர், இரண்டாம் வகுப்பில் 285-இல் 118, மூன்றாம் வகுப்பில் 706-இல் 178, ஊழியர்களில் 885-இல் 212 பேர் பிழைத்தது தெரியும். எதை 100 ஆக வைப்பது என்ற கேள்வி இங்கேயும் விடாது. பிழைத்த 711 பேரை 100 என்று வைத்தால் அதில் மிகப் பெரிய பங்கு ஊழியர்களுக்கு, 29.8 சதவீதம். ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே 100 என்று வைத்தால் பிழைத்தவர் விகிதம் மிகக் குறைவாக இருப்பதும் ஊழியர்களிடம்தான், 24 சதவீதம். முதல் வகுப்பிலோ 62.5. ஒரே அட்டவணையின் பத்திச் சதவீதமும் வரிசைச் சதவீதமும் இவை. யாருக்கு ஆபத்து அதிகம் என்ற கேள்விக்கு இரண்டாவதுதான் விடை. அந்த 32 வரிசைகளில் 8 வரிசைகள் சுழியம் என்பதையும் கவனியுங்கள். ஊழியர்களில் குழந்தைகள் இல்லை என்பது போன்றவை. ஆரின் அன்கவுண்டால் விரித்தவுடன் அந்தச் சுழியங்கள் மறைந்துவிடும், நம் பண்ணைக்குட்டை மறைந்தது போல. சாத்தியமான வகைகளின் பட்டியலை ஆரில் ஃபேக்டராக முன்கூட்டியே அறிவித்து வைத்தால் டேபிள் கட்டளை சுழியத்தையும் காட்டும். வெறும் எழுத்தாக விட்டால் இல்லாததை அது எப்படி அறியும்?

நாடு தழுவிய ஆய்வுகளிலும் இதே கதைதான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21, பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கிறது. நம் மாணவர்கள் நிறையப் பேர் அதை எடுக்கிறார்கள். பெண்களுக்கான கோப்பில் ஒரு வரிசை ஒரு பெண். அவருடைய பிள்ளைகளின் விவரம் முதல் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று பத்திபத்தியாக வலப்பக்கம் நீளும். அதையே நீள வடிவமாக்கி, ஒரு வரிசை ஒரு பிறப்பு என்று தனிக் கோப்பும் தருகிறார்கள். பிள்ளை பெறாத பெண்கள் அந்தக் கோப்பில் இருக்க மாட்டார்கள். அங்கே தாயின் கல்வித் தகுதிக்கு நிகழ்வெண் அட்டவணை போட்டால், நான்கு பிள்ளை பெற்றவர் நான்கு முறை எண்ணப்படுவார், பிள்ளையில்லாதவர் ஒரு முறைகூட எண்ணப்பட மாட்டார். அட்டவணைக்குத் தலைப்பு "பெண்களின் கல்வி" என்று இருந்தால் அது பொய். "பிறப்புகள், தாயின் கல்விவாரியாக" என்று இருந்தால் சரி. அந்தத் தரவில் கூறெடுப்பு எடை (மாதிரியில் உள்ள ஒருவரை எவ்வளவு கனமாக எண்ண வேண்டும் என்ற எண்) பத்து லட்சத்தால் பெருக்கப்பட்டு முழு எண்ணாக இருக்கும், வகுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அது டைட்டானிக் கோப்பின் எண்ணிக்கை போன்ற எடையும் அல்ல. சதவீதம் சரியாக வந்தாலும், எஸ்.பி.எஸ்.எஸ்.ஸின் சாதாரண வெயிட் பை கொடுத்துச் செய்த கை-வர்க்கச் சோதனையை (இரண்டு வகைப்பாடுகளுக்கிடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனையை) நம்பக் கூடாது.

கூகுள் படிவம் வழியாகவும் சிலரிடம் தரவு வாங்கியதாகச் சொன்னீர்கள். அதில் ஒருவர் குறித்தவையெல்லாம் ஒரே கட்டத்துக்குள் காற்புள்ளி இட்டு வந்து விழும். ஆரில் செப்பரேட் ரோஸ், பாண்டாஸில் ஸ்ப்ளிட் செய்து எக்ஸ்ப்ளோட் என்று உடைத்தால் நேராக நீள வடிவம் கிடைக்கும். விடை வாசகத்துக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் அதுவும் இரண்டாக உடையும். "ஏரி, குளம்" என்று ஒரு விடை வைத்திருந்தால் குளம் தனி ஆளாகிவிடும். உடைத்த பிறகு முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை வெட்டுங்கள். இல்லாவிட்டால் "கிணறு" இரண்டு வரியில் வரும், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு.

தமிழில் தட்டச்சு செய்த தரவுக்கு இன்னொரு வலை உண்டு. "மற்றவை" கட்டத்தில் ஒருவர் சொட்டுநீர் என்று எழுதுகிறார். சொ என்பதன் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. அட்டவணையில் சொட்டுநீர் இரண்டு வரி. ஆரின் ஸ்ட்ரிங்கை தொகுப்பிலும் பைத்தானின் யூனிகோட்டேட்டாவிலும் என்.எஃப்.சி. என்ற சீராக்கம் உண்டு, அதைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தை இட்டு "பெளர்ணமி" என்று எழுதுபவர்களை எந்தச் சீராக்கமும் திருத்தாது. அகர வரிசைப்படி தனித்தனிச் சொற்களின் பட்டியலை எடுத்துக் கண்ணால் பார்ப்பது தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து நிலத்தின் அளவைப் பிரிவுகளாக்கி நீராதாரத்தோடு குறுக்கு அட்டவணை போடப் போகிறீர்கள் அல்லவா? அங்கே எல்லைகளில் கவனம் வேண்டும். பள்ளியில் நாம் 0–10, 10–20 என்று பிரித்தபோது 10 என்பதை இரண்டாவது பிரிவில் வைத்தோம். ஆரின் கட் கட்டளையும் பாண்டாஸின் கட்டும் இயல்பாக முதல் பிரிவில் வைக்கின்றன. அதோடு மிகத் தாழ்ந்த எல்லையில் சரியாக உட்காரும் மதிப்பை எந்தப் பிரிவிலும் சேர்க்காமல் விட்டுவிடும். டேபிள் கட்டளையோ விடுபட்டவற்றைக் கேட்காமல் காட்டாது. இரண்டு இயல்புகளும் கைகோத்துக்கொண்டால் நிலமற்றவர் என்று 0 போட்ட அத்தனை பேரும் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். எல்லையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது வெறும் நுட்பமும் அல்ல. வேளாண் கணக்கெடுப்பு 1 ஹெக்டேருக்குக் கீழே உள்ளதைக் குறுநிலம் என்கிறது. ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைக் கடன் விதியோ 1 ஹெக்டேர் வரை உள்ளவரைக் குறு விவசாயி என்கிறது. சரியாக 1 ஹெக்டேர் வைத்திருப்பவர் ஒன்றில் சிறு விவசாயி, மற்றொன்றில் குறு விவசாயி. நம் விவசாயிகள் ஏக்கரில் சொல்வார்கள், "ரெண்டரை ஏக்கர்" என்று வாய்க்கணக்காக. இரண்டரை ஏக்கர் என்பது 1.01 ஹெக்டேருக்குச் சற்று மேல். மாற்றிவிட்டுப் பிரித்தால் இரண்டு விதியின்படியும் அவர் குறு விவசாயி அல்ல. எந்த வரையறையை எடுத்தீர்கள், இரண்டரை ஏக்கர்க்காரர்களை எங்கே வைத்தீர்கள் என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்.

மீண்டும் அகல வடிவத்துக்குத் திரும்பும்போது ஒன்று நினைவிருக்கட்டும். ஒரே இணை இரண்டு முறை பதிவாகியிருந்தால் பாண்டாஸின் பிவட் பிழை சொல்லி நிற்கும். அதே தொகுப்பின் பிவட் டேபிளோ, வேறு சொல்லாவிட்டால், இரண்டின் சராசரியைப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போலப் போய்விடும். நிகழ்வெண் அட்டவணையில் 2.5 பேர் என்று பார்த்தால் இதுதான் காரணம். முழு எண்ணாக அமைந்துவிட்டால் அதையும் கண்டுபிடிக்க முடியாது.

குறுக்கு அட்டவணை வந்தவுடன் கை-வர்க்கச் சோதனை செய்யச் சொல்வார்கள். இதில் என் நிலைப்பாடு: டிக்குகளின் நீள அட்டவணை மீது அந்தச் சோதனையை நடத்தாதீர்கள். ஒவ்வொரு எண்ணிக்கையும் மற்றதைச் சாராதது என்பது அதன் அடிப்படை. ஒரே விவசாயியின் மூன்று டிக்குகள் அப்படி அல்ல. பத்துப் பேரிடமிருந்து பதினைந்து சாட்சியங்கள் கிடைத்ததாக மென்பொருள் நம்பிவிடும். ஒவ்வொரு நீராதாரத்துக்கும் உண்டு, இல்லை என்று தனித்தனியாக ஐந்து சோதனைகள் செய்வது பாதுகாப்பானது. ஐந்து செய்கிறோம் என்பதால், தற்செயலாகவே தொடர்பு தெரிந்துவிடும் வாய்ப்புக்கு வழக்கமாக வைக்கும் 0.05 என்ற வரம்பை இறுக்க வேண்டும். எளிய வழி ஐந்தால் வகுத்து 0.01 என்று வைப்பது. அது சற்றுக் கடுமை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. டிக்குகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைக் கணக்கில் எடுக்கும் ராவ்–ஸ்காட் திருத்தம் போன்ற வழிகளைப் பல விடைக் கேள்விகளுக்குப் பயன்படுத்தும் ஆய்வாளர்களும் உண்டு. 150 பேரை ஐந்து நில அளவுப் பிரிவுகளில் பிரித்தால் சில கட்டங்களில் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள், அங்கே எந்தத் திருத்தத்தின் மீதும் நான் பெரிய நம்பிக்கை வைக்க மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் பிரிவுகளை மூன்றாகக் குறைப்பேன்.

நெறியாளருக்கு என்ன சொல்வது? அட்டவணையின் தலையில் "மொத்தம் 150 விவசாயிகள்" என்று போடுங்கள். கீழே "ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட விடை தரலாம் என்பதால் சதவீதங்களின் கூட்டு 100-ஐத் தாண்டும்" என்று எழுதுங்கள். கூட்டுத்தொகை வரியே வைக்காதீர்கள்; வைத்தால்தான் கண் அங்கே போகும். அப்படியும் 100 வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், கூட்டு 100 வரும் நேர்மையான அட்டவணை ஒன்று இருக்கிறது: விவசாயிகளை "கிணறு மட்டும்", "ஆழ்துளைக் கிணறு மட்டும்", "கிணறும் ஏரியும்" என்று சேர்க்கைவாரியாகப் பிரிப்பது. ஐந்து பத்திகளையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி எண்ணினால் போதும். உள்ளபடி 32 சேர்க்கைகள் சாத்தியம். உங்கள் கோப்பில் ஏழெட்டுத்தான் பெரும்பகுதியைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், மீதியை "மற்ற சேர்க்கைகள்" என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஆய்வுக்கு இதுவே சுவையான அட்டவணையாகவும் இருக்கக்கூடும். ஏரி வற்றினால் வேறு போக்கிடம் இல்லாதவர் எத்தனை பேர் என்பது அதில்தான் தெரியும்.

ஐந்து கட்டமும் காலியாக உள்ள வரிசைகள் எத்தனை என்று எண்ணி, காகிதப் படிவங்களோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள். நான்கைந்து என்றால் இந்தப் பதிலே போதும். இருபது முப்பது என்றால், யார் எந்த ஊரில் படிவம் நிரப்பினார் என்ற பத்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.